டகர் வீட்டு நிர்வாகம்: ‘19 கிட்ஸ் அண்ட் கவுண்டிங்’ தொடரில் எடுத்துக்கொள்ள வேண்டியது எது, தள்ள வேண்டியது எது?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் டோன்டிடவுன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரே கூரையின் கீழ் 19 பிள்ளைகள். பத்துப் பையன்கள், ஒன்பது பெண்கள், அதில் இரண்டு ஜோடி இரட்டையர். அப்பா ஜிம் பாப் டகர், அம்மா மிஷேல். 2008 செப்டம்பரில் டிஎல்சி சேனலில் ‘17 கிட்ஸ் அண்ட் கவுண்டிங்’ என்று தொடங்கிய ரியாலிட்டி தொடர், பிள்ளை பிறக்கப் பிறக்கத் தலைப்பில் எண்ணையும் ஏற்றிக்கொண்டே போய், 2015 ஜூலையில் ரத்தானது. ஏன் ரத்தானது என்பது பிறகு. அதற்கு முன் அந்த வீடு ஓடிய விதத்தைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் லட்சக்கணக்கானவர்கள் இந்தத் தொடரைப் பார்த்தது பொழுதுபோக்குக்கு மட்டுமல்ல. துணி துவைக்க, சமைக்க, பிள்ளைகளைச் சொன்னபடி கேட்க வைக்க யோசனை கேட்டும் பார்த்தார்கள். அந்த யோசனைகளில் பாதி தேறும். மீதியை எடுப்பதற்கு முன் “இந்த வேலையை யார் தலையில் கட்டினார்கள்?” என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பார்வையாளர்கள் அதிகம் சண்டை போட்ட விஷயம் ஜோடி முறை. மூத்த பிள்ளை ஒன்றிடம் இளைய பிள்ளை ஒன்றையோ இரண்டையோ ஒப்படைத்துவிடுவார்கள். குழந்தை தாய்ப்பால் மறக்கும்வரை அம்மா கையில். அதற்குப் பிறகு காலையில் எழுப்புவது, உடுத்துவது, தலை வாருவது, சாப்பிட வைப்பது, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தருவது, பியானோ வயலின் பயிற்சியில் பக்கத்தில் உட்காருவது, குளிப்பாட்டுவது எல்லாம் அக்கா பொறுப்பு. இது தவிர வீட்டு வேலைகளும் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, ஆளுக்கு ஒரு எல்லை உண்டு.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. வயதுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் கோணல் தெரியும். தொடர் ஆரம்பித்த 2008 இலையுதிர் காலத்தில் மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வீட்டில் இருந்த மூத்த பெண்கள் நால்வர்: 18, 17, 15, 14 வயது. அடுத்த பெண்ணுக்கு 10 வயதுதான். நடுவே பதின்வயதுப் பையன்களும் உண்டு. ஆனால் எட்டு வயதுக்குக் கீழே இருந்த சின்னதுகளின் பாரம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த நான்கு பெண்கள் தோளில்தான் விழுந்தது. அந்த டிசம்பரில் பதினெட்டாவதும் பிறந்தது. 2009 டிசம்பரில் கடைசிக் குழந்தை 25 வாரத்திலேயே, சுமார் 620 கிராம் எடையில் பிறந்து, லிட்டில் ராக் மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தபோது, அம்மா அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. குடும்பமும் தற்காலிகமாக அந்த ஊருக்குப் பெயர்ந்தது. வீடு அப்போதும் ஓடியது. “பார்த்தீர்களா, எவ்வளவு நல்ல பயிற்சி!” என்றார்கள் ரசிகர்கள். “அப்படியானால் அதற்கு முன்பும் ஓட்டியது அந்தப் பெண்கள்தானே?” என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இரண்டாவது தரப்பின் கேள்விக்குத் தொடர் கடைசிவரை பதில் வைக்கவில்லை.

நம் பக்கத்திலும் மூத்த பெண் இரண்டாவது அம்மாதானே என்று சிலருக்குத் தோன்றும். உண்மைதான். ஆனால் நம் வீட்டு அக்கா காலையில் பள்ளிக்கூடம் போய்விடுவாள். தெருவில் அத்தை, பாட்டி, எதிர்வீட்டுக்காரம்மா என்று குழந்தையைத் தூக்க நாலு கை இருக்கும். டகர் பிள்ளைகளுக்கு வீடேதான் பள்ளிக்கூடம். காலை மணி அடித்ததும் தம்பி தங்கையைக் கீழே இறக்கிவைக்க ஓர் இடம் அந்தப் பெண்களுக்கு இல்லை.

ஜோடி முறையைச் சிறிய அளவில் எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் இரண்டு வரம்பு வைத்தால் போதும். ஒன்று, வேலைக்கு முடியும் நேரம் இருக்க வேண்டும்: “தங்கைக்கு ஷூ மாட்டிவிடு” என்பது உதவி, “தங்கை உன் பொறுப்பு” என்பது பிள்ளை வளர்ப்பு. இரண்டு, ராத்திரி வேலை கிடையாது. அழும் குழந்தைக்கு எழுந்திருப்பது பெற்றவர்கள் வேலை. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; அந்த வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்தது சலவை சோப்பு. இந்தத் தொடரால் அமெரிக்காவில் எத்தனையோ சமையலறைகளில் சோப்பு துருவினார்கள். செய்முறை இதுதான்: ஃபெல்ஸ் நாப்தா என்ற துணி சோப்பு ஒரு கட்டியைத் துருவி, நான்கு கப் வெந்நீரில் போட்டு, மிதமான தீயில் கரையும்வரை கிளற வேண்டும். 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் வாளியில் பாதிக்குச் சுடுதண்ணீர் பிடித்து, கரைந்த சோப்பை ஊற்றி, ஒரு கப் வாஷிங் சோடா, அரைக் கப் வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்துக் கலக்கி, வாளி நிறையச் சுடுதண்ணீர் விட்டு மூடி ராத்திரி முழுக்க வைத்துவிட வேண்டும். காலையில் கொழகொழவென்று இறுகியிருக்கும். அதைப் பாதி, தண்ணீர் பாதி என்று டப்பாவில் நிரப்பி, குலுக்கிப் பயன்படுத்த வேண்டும். முன்பக்கம் திறக்கும் மெஷினுக்குக் கால் கப். மொத்தம் 640 முறை துவைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு சரிதான், 38 லிட்டரை 60 மில்லியால் வகுத்தால் கிட்டத்தட்ட அந்த எண் வந்துவிடும். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் சிரிப்பு வருகிறது. சோப்புக் கட்டி சுமார் 140 கிராம். அதை 640 ஆல் வகுத்தால் ஒரு சலவைக்குக் கிடைப்பது கால் கிராம்கூட இல்லை. சோடா, வெங்காரம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிராமைத் தொடாது. கடைச் சலவைத்தூள் ஒரு தடவைக்குப் பல பத்துக் கிராம் போடுகிறோம். வெந்நீரும் மெஷின் புரட்டலும்தான் அங்கே பெரும்பாலான அழுக்கை எடுக்கிறது.

இன்னொரு கோளாறு தண்ணீரில். சோப்பு வேறு, டிடர்ஜென்ட் வேறு. கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறித் துணியிலேயே உட்கார்ந்துவிடும். நம்மூர் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து நிற்பது இதே வேலைதான். வாஷிங் சோடா அந்தக் கடினத்தைக் குறைக்கத்தான் சேர்க்கப்படுகிறது, ஆனால் ஒரு மெஷின் தண்ணீருக்கு அரை கிராம் எந்த மூலைக்கு? முதல் சில தடவை துணி பளிச்சென்றுதான் வரும். சில மாதம் கழித்து வெள்ளை சாம்பலாகும், துண்டு தண்ணீரை உறிஞ்சாது, மெஷின் கதவு ரப்பரில் வழவழப்பு படியும். செய்து பார்த்தவர்களின் புகார் இந்த வரிசையில்தான் வந்தது. மென்மையான தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள் மட்டும் இன்றும் மெச்சுகிறார்கள்.

சலவை விஷயத்தில் தொடர் அதிகம் பேசாத தகவல் ஒன்று: பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் மிஷேல் துணிக்குவியல் முன் திணறியபோது, பியானோ சொல்லிக்கொடுக்க வந்த அம்மாள்தான் வந்து துவைத்துக் கொடுத்தார். பிறகு ஜிம் பாபின் அம்மா வெகுகாலம் அந்த அறையைக் கவனித்துக்கொண்டார். ஆக, அந்த வீட்டுச் சலவைச் சிக்கலைத் தீர்த்தது வெங்காரம் அல்ல, வேறு இரண்டு பெண்களின் உழைப்பு.

ஆனாலும் எல்லோருக்கும் பொதுவான ஒரே துணி அறை என்ற யோசனைக்கு முழு மதிப்பெண் தரலாம். சலவை அறையை ஒட்டியே வீட்டில் எல்லோர் உடைகளும். மெஷினிலிருந்து எடுத்தது நேராக மாட்டியில், ஆளுக்கு ஒரு பகுதி. மடித்த துணியைப் படியேறி அறை அறையாகக் கொண்டுபோகும் வேலை மிச்சம். மூன்று பிள்ளை வீட்டில்கூட இது எடுபடும். சிக்கல் ஒன்றுதான்: பதின்வயதுப் பிள்ளைக்கு உடைமாற்ற வேறு மறைவிடம் வேண்டும்.

வீடு சுமார் 7,000 சதுர அடி, இரும்புச் சட்டம் போட்டுக் கட்டியது. 2006 தொடக்கத்தில் குடிபோனார்கள். பையன்களுக்கு ஒரு பெரிய ஹால், பெண்களுக்கு ஒன்று, விடுதி மாதிரி வரிசைக் கட்டில்கள். சமையலறை இரண்டு; ஒன்று ஓட்டல் அளவு. கடன் வாங்காமல் கட்டியது என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. குடும்பமும் நண்பர்களும் கையால் உழைத்தது நிஜம். ஆனால் கடைசிக் கட்டத்தில் அறைகலன்கள், அடுப்பு, மெஷின், நிரம்பிய மளிகை அலமாரி வரை டிஸ்கவரி தொலைக்காட்சி நிறுவனமும் விளம்பரதாரர்களும், தொடருக்கு முன் எடுத்த சிறப்பு நிகழ்ச்சிக்காகக் கொடுத்தார்கள். “பழையதை வாங்கு, மிச்சத்தைச் சேமி” என்ற அவர்களின் தாரக மந்திரத்தைப் பின்பற்றி, நமக்கு ஏன் வீடு எழும்பவில்லை என்று வருந்தியவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஜிம் பாபுக்கு வாடகைக் கட்டட வருமானமும் இருந்தது. அவர் 1999 முதல் 2003 வரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர்.

சாப்பாட்டுக்கு வருவோம். குடும்பத்தின் புகழ்பெற்ற அயிட்டம் டேட்டர் டாட் காசரோல். கொத்திய வான்கோழிக் கறி 2 பவுண்டு (சுமார் 900 கிராம்), வதக்கி எண்ணெய் வடித்தது. உறைய வைத்த உருளைக்கிழங்கு உருண்டைகள் 2 பவுண்டுப் பை மூன்று. காளான் சூப் டப்பா இரண்டு, கோழி சூப் டப்பா இரண்டு, சுண்டிய பால் டப்பா இரண்டு. தட்டில் கறியைப் பரப்பி, மேலே உருண்டைகளை அடுக்கி, சூப்பையும் பாலையும் கலந்து ஊற்றி, ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். இருபது பேருக்குப் பங்கு போட்டால் தலைக்குக் கறி 45 கிராம். அதுவும் வேகாத எடை. உருளை 135 கிராம். கீரையோ காயோ ஒரு துணுக்கு இல்லை, உப்பு முழுக்க டப்பாவிலும் உறைந்த பையிலும் ஒளிந்திருக்கிறது. கேலி செய்தவர்கள் அதிகம். ஆனால் இந்தச் சமையலின் பலம் ருசியில் இல்லை: நறுக்கும் வேலையே கிடையாது, 13 வயதுப் பிள்ளை தனியாகச் செய்து முடிக்கலாம். யார் சமைக்கப்போகிறார்கள் என்பதை வைத்து வடிவமைத்த சமையல் அது. வீட்டில் செய்ய நினைப்பவர்கள் உருளையை ஒரு பை குறைத்து, உறைந்த பட்டாணியும் பீன்ஸும் இரண்டு கப் அடியில் போட்டால் தேறும். மேலே ஊற்றும்போது உருண்டைகள் முழுக்க மூழ்கிவிட்டால் மொறுமொறுப்பு போய்க் கூழாகிவிடும்.

மிஷேலின் குரலைப் பற்றிச் சொல்லாமல் விமர்சனம் முடியாது. கோபம் வரும்போது குரலை உயர்த்தாமல் இன்னும் தாழ்த்திக்கொள்வார். குழந்தை உயரத்துக்குக் குனிந்து, கண்ணைப் பார்த்து, மெதுவாகச் சொல்லி, “சரிம்மா, சந்தோஷமாகச் செய்கிறேன்” என்று திருப்பிச் சொல்ல வைத்து, தவறிய காரியத்தை முதலிலிருந்து சரியாகச் செய்துகாட்டச் சொல்வார். “ஓடிப்போய்க் கதவைத் தொடு, இரண்டு முறை குதி, திரும்பி வா” என்று கட்டளைகளை விளையாட்டாக அடுக்குவதும் உண்டு. கத்தாமல் பிள்ளை வளர்க்க முடியும் என்று காட்டியதற்காகவே தொடரை விரும்பியவர்கள் பலர். குரல் தாழ்த்தும் உத்தி நிஜமாகவே வேலை செய்யும்.

பிரச்சினை அந்தக் கீழ்ப்படிதலுக்கு அவர்கள் வைத்த அளவுகோலில். உடனே, மலர்ந்த முகத்தோடு, நிபந்தனை இல்லாமல் கீழ்ப்படிய வேண்டும். மனசு சுருங்கியதை முகத்தில் காட்டினாலே தப்பு. பெரியவருக்கு “மாட்டேன்” சொல்லும் வார்த்தையே பிள்ளையின் கையில் இல்லை. தவழும் குழந்தையை ஒரு போர்வையில் வைத்து, அதைத் தாண்டாமல் பழக்கும் முறையும் அவர்கள் சார்ந்த பழமைவாதக் கிறிஸ்தவ வட்டாரத்தில் பிரபலம். சில நிமிடத்தில் தொடங்கி நேரத்தைக் கூட்டுவார்கள். தாண்டினால் அடி கொடுக்கப்பட்டதாக அதே சூழலில் வளர்ந்து வெளியே வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தொடரில் அடி எதுவும் காட்டப்படவில்லை. எப்படியானாலும், தவழ்ந்து துழாவித்தான் அந்த வயதுக் குழந்தை கற்றுக்கொள்கிறது. அதை நிறுத்துவதால் அம்மாவுக்கு அரை மணி நேரம் கிடைக்கும், குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காது.

படிப்பு வீட்டில், பில் கோதார்ட் என்ற மதபோதகர் நிறுவிய ஐபிஎல்பி என்ற கிறிஸ்தவ அமைப்பின் பாடத்திட்டத்தில். மொத்தம் 54 கையேடுகள். இயேசுவின் மலைப்பிரசங்க வசனத்தை எடுத்து, அதிலிருந்தே மொழி, வரலாறு, அறிவியல், சட்டம், மருத்துவம் என்று கிளை பிரிக்கும். கணக்கு அதில் அடங்காது, தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் படித்து வளர்ந்தவர்களே பின்னாளில் அதன் ஓட்டைகளை அடுக்கினார்கள். கோதார்ட் மீது பெண்கள் பலர் பாலியல் தொல்லைப் புகார் சொன்னதையடுத்து 2014 இல் பதவி விலகினார். குற்றம் ஏதும் செய்யவில்லை என்பது அவர் வாதம். டகர் பிள்ளைகளிடம் இசை, வண்டி பழுது பார்ப்பது, தச்சு போன்ற கைவேலைகள் நன்றாகவே வந்தன. அதைக் குறை சொல்ல முடியாது.

இப்போது 2015. அந்த மே மாதம் ஒரு பத்திரிகை பழைய போலீஸ் அறிக்கையை வெளியிட்டது; தொடர் ரத்தானது இதனால்தான். மூத்த மகன் ஜோஷ் பதின்வயதில், 2002–03 வாக்கில், ஐந்து சிறுமிகளிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியிருந்தார். அவர்களில் நால்வர் தங்கைகள். பெற்றோருக்கு அப்போதே தெரியும். சபைப் பெரியவர்களோடு பேசி, மகனைக் கொஞ்ச காலம் வெளியே அனுப்பி, விஷயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு தொலைக்காட்சிப் பேட்டியில், வீட்டில் கொண்டுவந்த கட்டுப்பாடுகளைச் சொன்னார்கள்: ஒளிந்து விளையாடுவது கூடாது, பையன்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடாது. இதைக் கேட்டதும், தொடரை வரி வரியாகத் தெரிந்தவர்களுக்கு ஜோடி முறையின் கோணல் வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. ஒரு பையன் செய்த குற்றத்துக்கு வைத்த வேலியின் செலவும் பெண்கள் கணக்கில்தான் ஏறியது.

வெளியுலகை அடைப்பதில் அந்த வீடு கெட்டிக்காரத்தனம் காட்டியது. டிவி கிடையாது. தெருவில் அரைகுறை உடையில் ஒரு பெண் வந்தால் “நைக்கி” என்று யாராவது சொல்ல, பையன்கள் குனிந்து தங்கள் ஷூவைப் பார்க்க வேண்டும். இணையத்துக்குக் கண்காணிப்பு மென்பொருள். பின்னாளில் ஜோஷ் மீது நடந்த வழக்கில் வெளிவந்த விவரம் இந்த நம்பிக்கையை உடைத்தது. அவர் கார் விற்பனை மனையில் இருந்த கணினியிலும் அந்த மென்பொருள் ஓடியது. பார்ப்பதையெல்லாம் மனைவிக்கு அறிக்கையாக அனுப்பும் வகை. ஆனால் வன்தட்டைப் பிரித்து இன்னொரு பகுதியில் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போட்டால், விண்டோஸ் பக்கம் இருக்கும் காவலாளிக்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது. குழந்தைகள் பாலியல் வன்கொடுமைப் படங்களைப் பெற்ற குற்றத்துக்காக 2022 மே மாதம் அவருக்கு 12 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வீட்டுக் கணினிக்கு இத்தகைய மென்பொருள் வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்: அது ஓடும் இயங்குதளத்தை மட்டும்தான் காக்கும். யுஎஸ்பியிலிருந்து கணினியைக் கிளப்புவதை, தொடக்க அமைப்பான பயோஸில் கடவுச்சொல் போட்டு அடைக்காவிட்டால், பதினாலு வயதுப் பிள்ளைக்கே அது ஒரு மதிய நேர வேலை.

கடைசியாகப் பணம். மகள் ஜில் 2023 இல் எழுதிய புத்தகத்திலும், அதே ஆண்டு ஜூனில் அமேசான் வெளியிட்ட ஆவணத் தொடரிலும் சொன்னது: பல வருடம் படப்பிடிப்பில் இருந்தும் தனக்கென்று சம்பளம் வந்ததில்லை, 2014 இல் கல்யாணத்துக்கு முந்தின நாள், என்னவென்று முழுதாகப் புரியாமலே ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார். தீவிர ரசிகர்கள் சிலர் அந்த இடத்தில்தான் தொடரை விட்டு விலகினார்கள். மற்றதெல்லாம் மத நம்பிக்கை, வளர்ப்பு முறை என்று வாதாடலாம். கூலி கொடுக்காததற்கு வாதம் இல்லை.

குழந்தை நடிகர்களின் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கக் கலிபோர்னியாவில் 1939 முதல் சட்டம் உண்டு. ஆனால் சொந்த வீட்டில் சொந்த வாழ்க்கையை வாழ்வதாகச் சொல்லிப் படமெடுக்கப்படும் பிள்ளை ‘நடிகர்’ ஆகுமா என்ற சந்துவழியாக இந்த மாதிரித் தொடர்கள் தப்பித்தன. 2024 ஜூலை முதல் இல்லினாய் மாநிலம், பெற்றோர் இணையத்தில் போடும் குடும்ப வீடியோக்களில் குறைந்தது 30 சதவீதம் இடம்பெறும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பங்கு ஒதுக்கச் சொல்கிறது. கலிபோர்னியா, மினசோட்டா, யூட்டா மாநிலங்களும் அதே வழியில் சட்டம் போட்டுவிட்டன.